நிபாவைத் தெரியும் என்கிறார்கள், என்ன தெரியும்?

"மக்களில் இத்தனை சதவீதம் பேருக்கு நிபா பற்றி விழிப்புணர்வு இருக்கிறது" என்று ஒரு செய்தி வந்தால், எதைக் கேட்டு அந்தக் கணக்கை எடுத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ‘நிபா’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தால் சதவீதம் எகிறும். ஒரு வாரம் தொலைக்காட்சியில் ஓடிய எந்தப் பெயருக்கும் அது நடக்கும். எப்படிப் பரவுகிறது என்று கேட்டால் இறங்கும். காய்ச்சலில் கிடந்த சொந்தக்காரரைப் பார்க்கப் போனபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் இன்னும் இறங்கும். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளப்பதற்குத்தான் ‘அறிவு, மனப்பான்மை, நடைமுறை’ ஆய்வு என்ற ஒன்று இருக்கிறது. சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாகக் கே.ஏ.பி. ஆய்வு என்பார்கள்.

இது நிபாவுக்காகப் பிறந்த முறை இல்லை. 1950, 60களில் பல நாடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்காக இப்படிக் கேட்டார்கள். கருத்தடை முறை தெரியும், இனிக் குழந்தை வேண்டாம் என்று சொல்பவர்களிலேயே நிறையப் பேர் எந்த முறையையும் பயன்படுத்தவில்லை. அதற்குக் ‘கே.ஏ.பி. இடைவெளி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். புதிதாகத் தலையெடுக்கும் தொற்றுநோய்களில் இந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்கலாம். நோய் அரிதானது, அறிகுறி மற்றக் காய்ச்சல் மாதிரியே இருக்கிறது, தடுக்கச் சொல்லும் வழியோ தினப்படிப் பழக்கத்தில் கை வைக்கிறது.

நிபாவையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இந்தக் கிருமியின் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வௌவால். அதற்கு இதனால் நோய் வருவதில்லை. எச்சில், சிறுநீர் வழியாகக் கிருமி வெளியேறுகிறது. மனிதருக்கு வந்தால் காய்ச்சல், தலைவலி, வாந்தி, சிலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும், பிறகு மூளைக்காய்ச்சல். நோய் வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. அதனால் மக்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்யாமல் இருக்கிறார்கள் என்பதுதான் கையில் இருக்கிற பெரிய ஆயுதம்.

அறிவு தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவே சாட்சி. 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு புழங்கும் பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே பன்றிகள் பக்கம் கவனம் திரும்பியது. சுங்கை நிபா என்ற ஊரின் பெயர் கிருமிக்கு ஒட்டிக்கொண்டது. பரவல் அடங்குவதற்குள் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. அன்று பண்ணைக்காரர்களிடம் ஒரு கே.ஏ.பி. ஆய்வு நடத்தியிருந்தால், "கொசு" என்று சொன்னவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். கேள்வித்தாளில் ‘சரியான விடை’ என்று அச்சடிப்பதற்கு முன், அந்த விடை எந்த ஊர்ப் பரவலுக்குச் சரி என்று பார்ப்பது அவசியம்.

வங்கதேசத்தில் பரவும் வழி வேறு. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் உச்சியில் பட்டையைச் சீவி, ஒரு மூங்கில் குழாயைச் செருகி, மண் கலயத்தைக் கட்டிவிடுவார்கள். இரவு முழுக்கச் சாறு சொட்டும். விடிகாலையில் இறக்கி, வெயில் ஏறிப் புளிப்பதற்குள் பச்சையாகக் குடிப்பார்கள். அதே இரவில் வௌவாலும் வருகிறது. சீவிய இடத்தை நக்குகிறது, கலயத்தில் சிறுநீர் கழிக்கிறது. அகச்சிவப்புக் கேமரா கட்டி இதைப் படமே எடுத்திருக்கிறார்கள். காய்ச்சி வெல்லமாக்கினால் கிருமி செத்துவிடும்; பச்சைச் சாற்றில்தான் வினை.

2012 இறுதியில் ராஜ்பாரி, குஷ்தியா என்ற இரு மாவட்டங்களின் கிராமங்களில் 1,777 பேரிடம் கேட்டார்கள். பாதிப் பேர் முந்தைய பருவத்தில் பச்சைச் சாறு குடித்திருந்தார்கள். அதனால் நோய் வரும் என்று கேள்விப்பட்டவர்கள் 5 சதவீதம்தான். இப்படி ஒரு முடிவு வந்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: தெரியவில்லை, அதனால் குடிக்கிறார்கள், தெரியப்படுத்தினால் நிறுத்திவிடுவார்கள்.

அதையும் செய்து பார்த்தார்கள். 2012 முதல் 2014 வரையான சாற்றுப் பருவங்களில் ஒரு பகுதியில் "பச்சைச் சாறே குடிக்காதீர்கள்" என்று பிரசாரம். இன்னொரு பகுதியில் "வௌவால் அண்டாதபடி மூடி கட்டிய மரத்துச் சாற்றை மட்டும் குடியுங்கள்". மூன்றாவது பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை, ஒப்பிடுவதற்காக விட்டுவைத்தார்கள். பிரசாரம் நடந்த இரு பகுதிகளிலும் நோயைப் பற்றித் தெரிந்தவர்கள் பெரிதும் கூடினார்கள். பச்சைச் சாறு குடிப்பதும் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு, பிரசாரமே நடக்காத பகுதியில் ஏற்பட்ட குறைவைவிடக் குறிப்பிடும்படி அதிகமில்லை. மாறியது வேறொன்று: "மூடி கட்டியதைக் குடியுங்கள்" என்ற செய்தி நேரடியாகப் போய்ச் சேர்ந்தவர்களில், அது சேராதவர்களைவிட அதிகம் பேர் மூடி கட்டிய மரத்துச் சாற்றைக் குடித்ததாகச் சொன்னார்கள்.

கே.ஏ.பி. பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒருவர் இருபது வருடமாகக் குளிர்காலம்தோறும் சாறு குடித்து வருகிறார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர் அப்பாவுக்கும் ஆகவில்லை. இத்தனை ஆயிரம் கலயங்களில் ஏதோ ஒன்றில்தான் கிருமி இருக்கும். ஆகவே அவருடைய அனுபவம் அவருக்குப் பொய் சொல்லவில்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் அது சரியாகவே இருந்திருக்கிறது. அந்த அனுபவத்துக்கு எதிரே ஒரு சுவரொட்டி நிற்கிறது. இதை ‘அறியாமை’ என்று எழுதி மூடிவிடும் அறிக்கைகளைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

இந்த இடத்தில் உதவும் ஒரு சட்டகம் உண்டு, ‘சுகாதார நம்பிக்கை மாதிரி’. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் உருவானது. காசநோய்க்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வசதி இருந்தும் மக்கள் ஏன் வருவதில்லை என்று தேடியபோது பிறந்தது. அதன்படி ஒருவரிடம் கேட்க வேண்டியவை: இது எனக்கு வரும் என்று நினைக்கிறாரா, வந்தால் கடுமை என்று நினைக்கிறாரா, சொன்ன வழியால் பலன் உண்டு என்று நம்புகிறாரா, அதைச் செய்ய என்ன தடை, செய்யத் தூண்டியது எது, தன்னால் முடியும் என்று நினைக்கிறாரா. மேலே சொன்ன சாறு குடிப்பவருக்குக் கடுமை தெரியும். "எனக்கு வரும்" என்பதுதான் இல்லை. மூடி கட்டச் சொல்வது அவருடைய நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்பதில்லை, அதனால் ஓரளவு எடுபடுகிறது. மூடி என்பது மூங்கில், தக்கைப்பூண்டுத் தண்டு, சணல் குச்சி இவற்றில் பின்னிய தட்டி; பாலிதீனும் உண்டு. சீவிய பட்டை, சாறு வழியும் பாதை, கலயத்தின் வாய் மூன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும். கலயத்தின் வாயை மட்டும் கட்டினால், வௌவால் பட்டையில் நக்கியது அப்படியே உள்ளே வடியும். பொருளும் உழைப்பும் மரம் ஏறுபவருடையவை. நிபா பயம் குடிப்பவருக்கு. மூடிக்கு யார் காசு கொடுப்பது என்பதைக் கேள்வித்தாளில் சேர்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

இனிக் கேரளம். 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் உறுதி செய்யப்பட்ட 18 நோயாளிகளில் 16 பேர் இறந்தார்கள். நோய் முதலில் வந்தவரைத் தவிர மற்றவர்களுக்கு அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது. அதுவும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள். நோயாளியின் அருகில் இருந்த உறவினர், பக்கத்துப் படுக்கைக்காரர், வராந்தாவில் காத்திருந்தவர், பணியாளர். பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி இறந்தது அப்போதுதான்.

வெளியே நடந்ததோ வேறு. மக்கள் பழம் வாங்குவதை நிறுத்தினார்கள். வளைகுடா நாடுகள் சில, கேரளப் பழம், காய்கறிகளுக்குத் தடை போட்டன. பிராய்லர் கோழியால் பரவுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. முதல் நோயாளியின் வீட்டுக் கிணற்றில் பிடித்த வௌவால்களைச் சோதித்தபோது கிருமி இல்லை. அவை பூச்சி தின்னும் வகை. பழந்தின்னி வௌவால்களில் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

இந்தச் சூழலில் ஒருவரிடம் "நிபா எதனால் வரும்?" என்று கேட்டால் "வௌவால் கடித்த பழம்" என்பார். ஆய்வாளர் ஒரு மதிப்பெண் போடுவார். தவறான விடை இல்லை. கடித்த தடம் உள்ள பழத்தைத் தூக்கிப் போட வேண்டும், மற்றப் பழத்தைக் கழுவித் தோலுரித்துச் சாப்பிட வேண்டும் என்பது நல்ல வழக்கமே. ஆனால் அந்தப் பரவலில் உயிரைக் காத்திருக்கக்கூடிய அறிவு வேறு: இருமும் நோயாளியின் பக்கத்தில் முகக்கவசம் இல்லாமல் உட்காராதே, அவர் எச்சில், வாந்தி பட்ட துணியை வெறுங்கையால் அள்ளாதே, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவு, வார்டுக்குக் கூட்டமாகப் போகாதே. பத்துக் கேள்விகளில் ஆறு பழத்தையும் வௌவாலையும் பற்றி, ஒன்று மட்டும் நோயாளியைக் கவனிப்பது பற்றி என்று ஒரு கேள்வித்தாள் இருந்தால், 10-க்கு 8 எடுத்தவரும் உயிருக்கு ஆபத்தான ஒன்றைத் தவறாகச் செய்துகொண்டிருக்கலாம். மொத்த மதிப்பெண்ணைச் சராசரி போட்டுப் பெருமைப்படுவதைவிட, கேள்வி வாரியாக அட்டவணை வெளியிடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி எழுதுவதுதான் உண்மையில் கடினமான வேலை.

"நிபா பழத்தால் பரவுமா?" என்பது மோசமான கேள்வி. விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் "ஆமாம்" சொல்வது மரியாதை என்று நினைப்பவர்களும் நிறைய. இதற்குப் பதில்: "நிபா ஒருவருக்கு எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்?" கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். கையில் உள்ள விடைப்பட்டியலை வாசித்துக் காட்டக் கூடாது. அவர் சொல்லச் சொல்லத் ‘தானாகச் சொன்னார்’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். "வேறு?" என்று இரண்டு முறை கேட்டு, அவர் "அவ்வளவுதான்" என்ற பிறகே, சொல்லாமல் விட்டவற்றை ஒவ்வொன்றாக வாசித்து அதற்கென்று தனிக் கட்டத்தில் குறிக்கலாம். தானாகச் சொன்னதும் எடுத்துக் கொடுத்துச் சொன்னதும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அந்த ஆய்வைக் காப்பாற்ற வழியில்லை.

வாசிக்கும் பட்டியலில் தவறான வழிகளும் கலந்திருக்க வேண்டும்: கொசுக்கடி, பிராய்லர் கோழி. எல்லாச் சரியான விடையும் "ஆம்" என்று இருக்கும் பத்துக் கேள்வியில், எதற்கும் தலையாட்டுபவர் 10-க்கு 10 வாங்கிவிடுவார். ஐந்தைத் திருப்பி எழுதினால் அதே ஆளுக்கு 5-தான். "தெரியாது" என்பதும் ஒரு விடையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊகமெல்லாம் அறிவாகப் பதிவாகும்.

மனப்பான்மைக்கு "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" தொடங்கி ஐந்து படி அளவுகோல் போடுவது வழக்கம். படித்துப் பழகாதவர்களிடம் அது எடுபடாது. சரி, சரியில்லை, சொல்லத் தெரியவில்லை என்று மூன்று போதும். கூச்சம் உள்ள விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். "நிபாவிலிருந்து குணமாகி வந்தவரை வீட்டுக்குள் விடுவீர்களா?" என்றால் விடுவேன் என்பார்கள். "உங்கள் தெருவில் மற்றவர்கள் விடுவார்களா?" என்று கேட்டால் உண்மை கொஞ்சம் வெளியே வரும். இது வெறும் நல்லெண்ணச் சோதனை இல்லை. நோயாளியோடு பழகியவர்கள் 21 நாள் தனித்திருந்து கண்காணிப்பில் இருக்க வேண்டும். 2018-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இப்படிக் கண்டுபிடித்துப் பின்தொடர்ந்தார்கள். தெரு ஒதுக்கிவிடும் என்ற பயம் இருந்தால், "நானும் அந்த வார்டில் இருந்தேன்" என்று யாரும் சொல்ல முன்வர மாட்டார்கள்.

இன்னொரு மனப்பான்மைக் கேள்வியை விடவே கூடாது: வௌவால் தங்கும் மரத்தை வெட்ட வேண்டுமா? "வெட்ட வேண்டும்" என்ற பதில் நிபா பற்றி நன்றாகத் தெரிந்தவர்களிடமே அதிகம் வரக்கூடும். இருப்பிடம் இழந்து அலைக்கழியும் வௌவால் வேறு தோப்புக்குப் போகும். உடல் நலிந்த நிலையில் கிருமியை அதிகம் வெளியேற்றும் வாய்ப்பும் உண்டு.

நடைமுறைக் கேள்வியில் ‘எப்போதும்’, ‘வழக்கமாக’ வேண்டாம். "கடந்த 7 நாளில் எத்தனை தடவை?" என்று காலவரம்பு வேண்டும். முடிந்தால் கண்ணால் பார்க்க வேண்டும். கை கழுவுவீர்களா என்று கேட்பதைவிட, "கை கழுவும் இடத்தைக் காட்டுங்கள்" என்று எழுந்து போய், அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று குறித்துக்கொள்வது நம்பகமானது. வாய்ச்சொல்லாகக் கேட்ட கை கழுவல் பெரும்பாலும் கண்ணால் பார்த்த கை கழுவலைவிட அதிகமாக வரும்.

எத்தனை பேரிடம் கேட்பது? சதவீதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் 50 என்று வைத்துக்கொண்டு, 95 சதவீத நம்பகத்தோடு, கூடக் குறைய 5 புள்ளிப் பிழையை ஏற்றுக்கொண்டால்: அந்த 95 சதவீத நம்பகத்துக்கு உரிய எண்ணான 1.96-ஐ அதாலேயே பெருக்கி, 0.5 × 0.5-ஆல் பெருக்கி, 0.05 × 0.05-ஆல் வகுக்க வேண்டும். 384.16 வரும், 385 பேர். பல ஆய்வுகளில் இந்த எண் வருவதற்கு இதுதான் காரணம். ஆனால் இது ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் மட்டும். 20 கிராமம் தேர்ந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர் என்று போனால், ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வதால் வழக்கமாக இரட்டிப்பாக்குவார்கள்: 770. பத்தில் ஒருவர் பேச மறுப்பார் என்று வைத்தால் 0.9-ஆல் வகுத்து 856.

எண் சரியாக இருந்தும் ஆள் தவறாக இருக்கலாம். காலை 11 மணிக்குக் கதவைத் தட்டினால் கிடைப்பவர் வீட்டிலிருக்கும் பெண்களும் முதியவர்களும்தான். சாறு இறக்குபவர் கிடைக்க மாட்டார். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரையும் எழுதி, அதிலிருந்து குலுக்கி ஒருவரை எடுத்து, அவர் இருக்கும் நேரத்தில் திரும்பிப் போக வேண்டும். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு இரண்டு நாளில் ஆயிரம் பதில் வாங்கும் ஆய்வுகள் கொரோனாவுக்குப் பிறகு பெருகிவிட்டன. அவை இளைய, படித்த, நண்பர்களுக்கு நண்பர்களான ஒரு வட்டத்தின் படம். ஆயிரம் பத்தாயிரம் ஆனாலும் அந்தக் கோணல் நிமிராது.

கேள்வித்தாளை 20, 30 பேரிடம் ஓட்டிப் பார்ப்பதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். கேட்பவர் நடுவில் திருத்திப் பாடம் எடுக்கக் கூடாது. நான்காம் கேள்வியில் விளக்கம் கொடுத்தால் ஏழாம் கேள்விக்கான பதில் கெட்டுவிடும். ஆனால் பேட்டி முடிந்ததும் சரியான தகவலைச் சொல்லாமல் எழுந்து வருவதும் அறம் இல்லை.

தமிழ்நாட்டில் இப்படி ஓர் ஆய்வு வைத்தால் கேள்விகள் மாறும். கேரளத்தில் நிபா தலைகாட்டும்போதெல்லாம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் காய்ச்சல் பரிசோதனை நடக்கிறது. எல்லை மாவட்டங்களில் அங்கே வேலைக்குப் போய் வருபவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வருபவர்கள் ஏராளம். அவர்களிடம் பயணத்தையும் நோயாளியைப் பார்க்கப் போவதையும் பற்றிக் கேட்காமல் ஈச்சஞ்சாற்றைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. பனையில் பட்டையைச் சீவுவதில்லை, பாளையைத்தான் சீவுகிறோம். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பும் தடவுகிறோம். வங்கதேசக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் பனையேறி சிரிப்பார். வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்ற நம்பிக்கை இங்கே சில இடங்களில் உண்டு. பிடிப்பவர், உரிப்பவர் கையில் ரத்தமும் எச்சிலும் படுகிறது. இது தமிழ்நாட்டுக் கேள்வித்தாளில் இருக்க வேண்டியது, இறக்குமதிக் கேள்வித்தாளில் இருக்காது.

முடிவை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். ஒன்று, ‘நல்ல அறிவு’ என்ற வெட்டுக்கோடு. 20-க்கு 12 எடுத்தால் நல்ல அறிவு, 11 என்றால் குறைந்த அறிவு என்று பிரிப்பது ஆய்வாளரின் வசதிக்காக. கோட்டை 14-க்கு நகர்த்தினால் தலைப்புச் செய்தியே மாறிவிடும். இரண்டாவது, "அறிவு உள்ளவர்களிடம் நடைமுறையும் நன்றாக இருந்தது" என்ற வரி. ஒரே நாளில் இரண்டையும் கேட்ட ஆய்வால் எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. படிப்பும் வருமானமும் உள்ளவருக்கு விஷயமும் தெரிந்திருக்கும், வீட்டில் சோப்பும் இருக்கும். துண்டறிக்கை அச்சடித்தால் சோப்பு வந்துவிடாது.

எப்போது கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பரவல் நடக்கும் வாரத்தில் கேட்டால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். செய்தி ஓய்ந்த பிறகு மறுபடி கேட்டால், நோயைப் பற்றித் தெரியும் என்பவர்களின் பங்கு இறங்கியிருக்கலாம். ஆகவே ஒரு முறை எடுத்த கணக்கை வைத்து அடுத்த ஐந்து ஆண்டுக்குத் திட்டம் போடக் கூடாது. அதே கேள்விகளை, அதே வரிசையில், அடுத்த பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, செய்தி எதுவும் ஓடாத நாட்களில் திரும்பக் கேட்க வேண்டும்.